கைப்பிடி இல்லாத கார்

"மொஹரம் நோன்பா மேடம்?" என்று சின்னராஜ் காதோடு கேட்டார்.

"இல்லண்ணா. கார் நோன்பு" என்றாள் ஜெயமணி.

கௌஸ் மொய்தீன் பாய் காலி ஷெட்டின் நட்டநடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை வரை அதே இடத்தில் அவருடைய கார் நின்றது. இப்போது சனிக்கிழமை காலை. நடுவில் டீயைத் தவிர வேறெதுவும் அவர் தொண்டையில் இறங்கவில்லை. கார் வந்தால்தான் சோறு என்று சொல்லிவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர், அறுபதை நெருங்குகிறவர். இன்னொரு நாள் இப்படியே போனால் காரைத் தேடுவதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியைத் தேட வேண்டியிருக்கும்.

ஜெயமணி சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவள். ஒரு நாளைக்கு நாலாயிரம் போல்ட்டை அளவுகோலில் நுழைத்துப் பார்த்து, நுழையாததைத் தூக்கிப் போடுவது வேலை. அது அலுத்துப்போய், ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். இப்போது போல்ட்டுக்குப் பதில் மனிதர்கள் சொல்லும் வார்த்தைகள். சின்னராஜ் அவளுக்கு உதவியாளர். வயதில் அவளைவிட இருபது மூத்தவர். இருபத்தேழு வருஷம் கிருஷ்ணகிரி ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார், வாய் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு பெங்களூர்க்காரர் வந்துருவார்ம்மா" என்றார் பாய். "பழைய காருங்களா சேத்து வெச்சிருக்கறவரு. இந்த வண்டிக்கு இஞ்சின் ஒண்ணு அவர்கிட்ட இருக்குதாம். ஓட வெச்சுக் கண்ணாடி ரூமுல நிறுத்தறேன்னாரு. குடுக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். என்கிட்ட இருந்தா துருப்புடிச்சு சாவும், அவர்கிட்டப் போனா பொழச்சுக்கும். அதுக்குள்ள எவனோ..."

அவருக்கு அழுகை முட்டியது. சின்னராஜ் பேச்சை மாற்ற ஷெட் சுவரைப் பார்த்தார்.

சுவர் முழுக்கக் காரின் போட்டோ. ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட், 1959, செக்கச் செவேல். ஒரு கட்டில் அளவுதான் இருக்கும். முன்பக்க இஞ்சின் மூடியின் மேலே இரண்டு விளக்கும் பிதுங்கி நிற்பதால் ஊரில் அதற்குத் தவளைக் கார் என்று பெயர். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்குத் திரும்பும்போது, 1960-ல் பாய் அதை வாங்கினார். எழுபத்தாறில் இஞ்சின் நின்றது, கழற்றிவைத்துப் பதினைந்து வருஷமாகிறது. உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மனிதருக்கே அந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை.

"மொத்தம் எத்தன சீட்டு பாய்?" என்றாள் ஜெயமணி, போட்டோக்களை விரலால் எண்ணிக்கொண்டே.

"ரெண்டே ரெண்டும்மா. ஓட்டறவருக்கு ஒண்ணு, வேண்டியவங்களுக்கு ஒண்ணு."

இருபத்துமூன்று போட்டோ. ஓட்டும் சீட்டில் எல்லாவற்றிலும் பாய். பக்கத்துச் சீட்டில் ஒன்றில் அவருடைய அம்மா, குடையோடு. ஒன்றில் நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத். நாலைந்தில் அண்ணன் அக்பர் பாஷா. ஒன்றில் பக்ரீத் ஆடு, கழுத்தில் மாலையோடு காமிராவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இந்தப் பயணி டிக்கெட் வாங்கினாரா பாய்?" என்றார் சின்னராஜ்.

"கதவை எப்படித் தொறப்பீங்க?" என்று ஜெயமணி குறுக்கிட்டாள்.

பாயின் முகத்தில் ஒன்றரை நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "அங்கதாம்மா இருக்குது வண்டியோட குணம்! வெளியில கைப்பிடியே கெடையாது. ஜன்னல்ல இருக்கற பக்கத் தடுப்ப நகத்திட்டு, உள்ள கைய வுட்டுத் தொறக்கணும். டிக்கிக்கும் கதவு கெடையாது. சீட்டைச் சாய்ச்சு உள்ள நொழையணும்."

"வெள்ளைக்காரன் ஊரையே புடிச்சான், ஒரு கைப்பிடி வெக்க மறந்துட்டானா?" என்றார் சின்னராஜ்.

"அந்த சூட்சுமம் யார் யாருக்குத் தெரியும்?" என்றாள் ஜெயமணி.

"எனக்குத் தெரியும். என் பொண்ணு அதியாவுக்குத் தெரியும். ஒரு மெக்கானிக்குக்குத் தெரியும், அவன் செத்துட்டான்."

"வண்டிய யார் தொடைப்பாங்க?"

"அது... வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்ல தொடைப்பாங்க."

வீட்டில் துடைக்கிற அந்த 'வீட்ல' இரண்டு டீயோடு அப்போதுதான் உள்ளே வந்தார். பாயின் மனைவி ஷரீஃபுன்னிசா. தட்டைப் பிடித்திருந்த வலது கையில் மூன்று விரலுக்குத் துணி சுற்றியிருந்தது.

"கையில என்னாக்கா?"

"கத்திரிக்கா முள்ளும்மா" என்று சொல்லிவிட்டு, கணவரை ஒரு தடவை பார்த்து, "ஒரு வாய் சாப்புடுங்களேன்" என்றார். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷரீஃபுன்னிசா டீயை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?" என்று பாயைக் கேட்டாள் ஜெயமணி.

"பஜார்ல, கடையிலதான். மத்தியானம் கெளம்பறப்போ வண்டி இங்க நின்னுச்சு. அஞ்சு மணிக்குக் கடை வழியா ஒரு கல்யாண ஊர்வலம் போச்சு. அழகு! வண்டி என்ன வண்டின்னே தெரியல, வெரல் வெக்க எடமில்லாம ரோஜா. முன்னாடி ரெண்டு பெரிய பூப்பந்து. மாப்பிள்ளை மூஞ்சியும் பூவுக்குள்ள. யார் வீட்டு மாப்பிள்ளையா இருந்தா என்ன, நல்ல காரியமாச்சேன்னு எறங்கிப் போய் ரெண்டு கையாலயும் கையப் புடிச்சேன். 'நல்லா இருங்க மாப்ளே, எங்க போனாலும் பொண்டாட்டியப் பக்கத்துல ஒக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க'ன்னு வாழ்த்திட்டு வந்தேன். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தா இங்க வெறும் எண்ணெய்க் கறைதான் இருக்குது."

ஜெயமணி அந்தக் கறையைக் குனிந்து பார்த்தாள். வெளியே வந்து, சந்தின் அகலத்தைக் காலடியால் அளந்தாள். லாரி நுழையாது. டிராக்டரும் நுழையாது. இஞ்சின் இல்லாத காரை எவனோ தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறான். அதுவும் பட்டப்பகலில், ஊரே பார்க்க.

சந்து முனையில் சென்னகிருஷ்ணன் டீக்கடை. வியாழக்கிழமை முழுக்கக் கல்லாவை விட்டு நகரவில்லை என்று அவர் சத்தியம் செய்தார்.

"இந்தச் சந்துலேர்ந்து கார் எதுவும் வரலீங்க. சாயங்காலம் ஒரு கல்யாண ஊர்வலந்தான் வந்துச்சு."

"யார் வீட்டுக் கல்யாணம்?"

"நம்மாளுங்க இல்ல, தெலுங்குக்காரங்க. அவங்கள்லதான் மாப்பிள்ளையே வண்டி ஓட்டிக்கிட்டுப் போற வழக்கம் இருக்குது போல. கோணல்மாணலா ஓட்டி என் பெஞ்சை ஒடச்சுட்டாரு. கல்யாண மாப்பிள்ளைய என்னான்னு திட்டறது?"

பத்தடி தள்ளிப் பூ விற்கும் வெங்கடம்மாளுக்கு வீட்டு மொழி தெலுங்கு. அவள் கையை உதறினாள். "மாவாள்ளு காது சாமி! எங்காளுங்க பாசிகப் பட்டத்த நெத்தியிலதான் கட்டுவாங்க, மூஞ்சிய மூட மாட்டாங்க. அது கன்னடத்தாளுங்க. மேளத்துல புலி வரைஞ்சிருந்துச்சு."

அடுத்து பஞ்சர் கடை கங்கப்பன். கன்னடக்காரர். "நம்மோரு அல்ல சார். மூஞ்சிக்குப் பூ மறைச்சா பாய்ங்க கல்யாணந்தானே? நானே ஒதுங்கி வழி விட்டேன். டிராஃபிக் போலீசு லாரிய நிறுத்தினாரு."

பட்டுக்கூடு வியாபாரி லால் பாஷா கடையில் நாலாவது தடவை அதே கேள்வி. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எங்க ஜமாத்துல எனக்குத் தெரியாம கல்யாணமா? அது தமிழாளுங்க ஊர்வலம்ங்க. சென்னகிருஷ்ணனைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

"பொறப்பட்ட ஸ்டாப்புக்கே வந்து சேந்துட்டோம் மேடம்" என்றார் சின்னராஜ். "எறங்குங்க, வண்டி இதுக்கு மேல போகாது."

ஜெயமணி லால் பாஷாவின் தலைக்கு மேலே தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை தமிழுக்கு என்ன தேதிண்ணா?"

"ஆடி ரெண்டு."

"ஆடியில தமிழாளுங்க கல்யாணம் வெப்பாங்களா?"

"புதுசாக் கட்டினவளையே பொறந்த வீட்டுக்கு அனுப்பிடற மாசம் மேடம்."

"தெலுங்கு, கன்னட ஆளுங்களுக்கு?"

"ஆஷாடம். அவங்களும் தொட மாட்டாங்க."

"லால் பாய், உங்களுக்கு?"

"மொஹரம் பொறந்து வாரங்கூட ஆகல. நிக்காஹ் பேச்சே எடுக்க மாட்டோம்" என்றவர், தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சர்ச்சு கல்யாணமா இருக்குமோ?" என்றார் சின்னராஜ்.

"அங்க மாப்பிள்ளை மூஞ்சிய மூட மாட்டாங்கண்ணா. வியாழக்கிழமை ஓசூர்ல கல்யாணம் பண்ணிக்க ஒருத்தருக்கும் வழியில்ல. ஆனா ஊர்வலம் போயிருக்குது. ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க வழக்கம்னு நெனச்சு வழி விட்டிருக்காங்க. மாப்பிள்ளையே ஓட்டினாலும் சரி, பெஞ்சை ஒடச்சாலும் சரி. முன்னாடி இருந்த ரெண்டு பூப்பந்து என்னான்னு நெனைக்கிறீங்க?"

சின்னராஜுக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வந்தன. தவளையின் இரண்டு கண்கள். இஞ்சின் இல்லாத காரை நடுப் பஜாரில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக, ஊர்வலத்தை விட்டால் உலகத்தில் வேறு வழியே இல்லை.

"பாய் தன் காருக்கே வாழ்த்துச் சொல்லி அனுப்பிட்டாரா!"

"புலி போட்ட மேளம் யாருது?"

அதற்குச் சின்னராஜுக்கு யோசிக்கவே வேண்டாம். சாமல்பட்டி முனிவேல் பேண்டு செட். எத்தனை தடவை அந்தப் புலிக்கு பஸ் கூரையில் இடம் கொடுத்திருக்கிறார்! மொபெட்டை ஜெயமணி ஓட்ட, பின்னால் சின்னராஜ் உட்கார, மேடு வந்தபோது அவர் இறங்கி நடக்க, இருவரும் ஏரிக்கரையில் முனிவேல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

முனிவேல் வாசலில் உட்கார்ந்து ட்ரம்பெட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடியில எங்களக் கூப்புடறவங்க தெய்வம் சார். கேள்வி கேப்போமா? பர்தா போட்ட ஒரு சின்னப் பொண்ணு வந்து பேசுச்சு. ரெண்டே கண்டிஷன். மசூதி பக்கம் வாசிக்கக் கூடாது. வண்டி பேட்டரி வீக்கு, தள்ளணும். பாதிப் பேரு வாசிச்சோம், பாதிப் பேரு தள்ளினோம், நடுவுல மாத்திக்கிட்டோம்."

"கதவை யார் தொறந்தாங்க?" என்றாள் ஜெயமணி.

"எங்க மேளக்காரன் கைப்பிடியத் தேடித் தேடிப் பாத்தான், கெடைக்கல. மாப்பிள்ளைதான் அப்பிடியே உள்ள கைய வுட்டுத் தொறந்தாரு. பழகின கை."

"மாப்பிள்ளை ஏதாவது பேசினாரா?"

"ஒரு வார்த்தை இல்லீங்க. பஜார்ல ஸ்பேர்ஸ் கடைக்காரர் ஒருத்தர் எறங்கி வந்து கை குடுத்தாரு. அதுக்கப்புறம் மாப்பிள்ளை அழ ஆரம்பிச்சுட்டாரு. பூவெல்லாம் குலுங்குச்சு."

"கல்யாணம் ஆகப்போறவன் அழுவாம?" என்றார் சின்னராஜ்.

"பஜார் முடிஞ்சதும் போதும்னு நெனச்சோம். கைய வெளிய நீட்டி ஒரு வெரலக் காட்டினாரு. இன்னொரு ரவுண்டாம்! அதுவும் முடிஞ்சுது. மறுபடியும் ஒரு வெரல். மூணு ரவுண்டு சார், என் ஆளுங்களுக்கு நாக்குத் தள்ளிப்போச்சு. அப்புறந்தான் தொரப்பள்ளி ரோட்டுல ஒரு ரோஜாத் தோட்டத்து ஷெட்டுல வண்டிய வுட்டோம்."

சின்னராஜ் திரும்பிப் பார்த்தபோது ஜெயமணி சிரிக்கவில்லை. அவள் கண்ணில் என்னவோ மினுங்கியது.

"பெங்களூர்க்காரன் வேலையா மேடம்?"

"நாளைக்கு வாசல்ல வந்து வாங்கிக்கப் போறவரு எதுக்குண்ணா திருடணும்? நீங்க மொபெட்டை எடுத்துக்கிட்டுப் போய் பாயைக் கூட்டிக்கிட்டு அந்தத் தோட்டத்துக்கு வாங்க. சாப்பாடும் எடுத்துக்குங்க. நான் பஸ்ஸுல முன்னாடி போறேன்."

"திருடன் தப்பிச்சுட்டா?"

"தப்பிக்க மாட்டாங்க. இஞ்சின் இல்ல."

பாய் வீட்டில் அதியா கதவைத் திறந்தாள். கல்லூரிக்குப் போகும் பெண். சின்னராஜ் சாப்பாடு என்று வாயெடுப்பதற்குள் நாலடுக்குக் கேரியரை நீட்டிவிட்டாள். ரெண்டு பேருக்குக் காணும்.

"அம்மா எங்கம்மா?"

"தொரப்பள்ளிக்கு, சுக்ரா சின்னம்மா வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு அதியா தரையைப் பார்த்தாள். சின்னராஜுக்கு அப்போதும் உறைக்கவில்லை. டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிற மனிதர்தான். அன்றைக்கு என்னவோ கோட்டை விட்டார்.

தோட்டத்து ஷெட்டில் வாடின ரோஜா வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே தவளைக் கார் நின்றது. பூப்பந்து ஒன்று சரிந்து விழுந்து, ஒற்றைக் கண்ணால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயமணி சுவரோரமாக நின்றாள். பாய் ஓடிப்போய் மூடியைத் தடவினார், சக்கரத்தைத் தடவினார், காய்ந்த பூவைப் பிய்த்துப் போட்டார். அதன் பிறகுதான் ஓட்டும் சீட்டில் ஆள் இருப்பதைப் பார்த்தார்.

"ஷரீஃபு! நீ இங்க என்ன பண்றே? திருடன் எங்க?"

"ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்" என்றார் ஷரீஃபுன்னிசா.

பாய் ஜெயமணியைப் பார்த்தார். சின்னராஜும் ஜெயமணியைத்தான் பார்த்தார்.

"இருபத்துமூணு போட்டோ பாய்" என்றாள் அவள். "உங்க அம்மா இருக்காங்க, ஹஜ்ரத் இருக்காரு, அண்ணன் இருக்காரு. அக்கா ஒண்ணுல கூட இல்ல. கதவு சூட்சுமம் தெரிஞ்சவங்க லிஸ்ட்லயும் நீங்க அவங்களச் சேக்கல, தொடைக்கறது அவங்கன்னு நீங்களே சொல்லிட்டு. அப்புறம், கத்திரிக்கா முள்ளு மூணு வெரல்லயும் குத்தாது. ரோஜா முள்ளுதான் குத்தும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஷரீஃபு!"

"கேட்டேன். அறுபத்தஞ்சுல கேட்டேன். நாளைக்குன்னீங்க." ஷரீஃபுன்னிசாவின் குரல் உயரவே இல்லை. "நிக்காஹ் அன்னிக்கு ஹஜ்ரத் வண்டியில போனாரு, நான் குதிர வண்டியில வந்தேன். அப்புறம் மாமியாருக்கு முட்டிவலி. அப்புறம் உங்க அண்ணனுக்குக் கடை வேலை. பக்ரீத்துக்கு ஆடு போச்சு. ஆட்டுக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தீங்க. எழுபத்தாறுல இஞ்சின் நின்னுது, நான் வாய மூடிக்கிட்டேன். போன வாரம் பெங்களூர்க்காரருக்குக் குடுக்கறேன்னீங்க. ஒரு தடவை கூட ஒக்காராம, வாராவாரம் தொடச்சுத் தொடச்சு வெச்ச வண்டி போயிருமேன்னு எனக்குத் தாங்கல."

"ஆடு கசாப்புக்கடை வரைக்குந்தானே போச்சு..." என்றார் பாய். சொன்ன பிறகு அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"மாப்பிள்ளை வேஷம் எதுக்குங்க?" என்று சின்னராஜ் மெதுவாகக் கேட்டார்.

"பொம்பள ஒருத்தி தனியா அதுல போனா ஊரே நின்னு பாக்கும். மாப்பிள்ளையாப் போனா வண்டியத்தான் பாப்பாங்க. மொஹரம்ல மேளம் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அல்லாகிட்டத் தனியா மன்னிப்புக் கேட்டுட்டேன்." அவர் கணவரைப் பார்த்தார். "ராத்திரியே சொல்லிடணும்னுதான் இருந்தேன். நீங்க அழுததைப் பாத்து பயம் வந்துருச்சு. கடைகிட்ட நீங்க எறங்கி வந்தீங்களே, ரெண்டு கையாலயும் என் கையப் புடிச்சீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். இந்தக் கைதான இருபத்தாறு வருஷமா டீ குடுக்குது? நீங்க மாப்ளேன்னீங்க. பொண்டாட்டியப் பக்கத்துல ஒக்கார வெச்சுக்கன்னு எனக்கே சொல்லிட்டுப் போனீங்க."

தோட்டத்துக்கு அப்பால் சிப்காட் ஷிப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாய் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். வண்டியில் எந்த மூலையில் எத்தனை கீறல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். வெட்கத்தில் அவர் காது வரை சிவந்திருந்தது. கதவருகே போய்க் கையை நீட்டினார். பக்கத் தடுப்பு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை.

"தொற ஷரீஃபு."

"இது என் சீட்டு. அந்தப் பக்கம் வாங்க" என்ற ஷரீஃபுன்னிசா, எட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

பாய் சுற்றிக்கொண்டு போய், முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். முட்டி இடித்தது. ஷரீஃபுன்னிசா கேரியரைத் திறந்து ஒரு கவளம் நீட்டினார். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். துணி சுற்றிய அந்த விரல்களை அதன் பிறகும் அவர் விடவில்லை.

"நாளைக்கு பெங்களூர்க்காரர் வந்தா, வண்டி கெடைக்கலன்னு சொல்லிரும்மா" என்றார் ஜெயமணியிடம், வாயில் சோற்றோடு.

"எங்க நிலையத்துல கண்டுபுடிச்சதே இது ஒண்ணுதான் பாய், அதையும் அழிக்கச் சொல்றீங்களே!" என்றார் சின்னராஜ்.

"பொய் எதுக்கு பாய்? வண்டிக்கு ஓனர் மாறிட்டாங்க, அவங்களக் கேளுங்கன்னு சொல்லுங்க" என்றாள் ஜெயமணி.

பெங்களூர்க்காரர் கேட்டால் என்ன பதில் வரும் என்பது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. ஜெயமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தோட்டத்து ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். சின்னராஜ் தோளைக் கொடுத்து, பழைய வழக்கத்தில் இரண்டு விசில் அடித்தார். கார் நகர்ந்தது. காய்ந்த ரோஜாவை உதிர்த்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தது, கோணல்மாணலாகப் பஜாருக்குள் நுழைந்தது. சென்னகிருஷ்ணன் புதுப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். வெங்கடம்மாள் இது யார் வீட்டுக் கல்யாணம் என்று கங்கப்பனைக் கேட்டாள்.

பஜார் முடிந்து வீட்டுச் சந்து வந்தபோது சின்னராஜுக்கு மூச்சு இரைத்தது. "ஸ்டாப்பு வந்துருச்சுங்க, எறங்கிக்கலாமா?" என்று கத்தினார்.

ஷரீஃபுன்னிசா திரும்பிப் பார்க்கவில்லை. துணி சுற்றிய கையை வெளியே நீட்டி, ஒரு விரலைக் காட்டினார்.